303 லீ-என்ஃபீல்டு: மூன்றாவது தடவையிலேயே தோட்டாவின் பித்தளைக் கூடு இரண்டாக முறிகிறது. கோளாறு துப்பாக்கியிலா, நான் நிரப்பும் முறையிலா?

நெடுந்தீவான் எழுதியது:

வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. நான் இருப்பது ஒன்டாரியோவில். போன வருடம் ஒரு முதியவரின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது லாங் பிராஞ்சில் 1943-இல் செய்த நம்பர் 4 லீ-என்ஃபீல்டு துப்பாக்கி ஒன்று கிடைத்தது. மரத்தை யாரும் அறுத்துக் குறைக்கவில்லை, போல்ட்டில் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் தண்டு) இருக்கும் எண்ணும் துப்பாக்கி உடலில் இருக்கும் எண்ணும் ஒன்றுதான். அந்தத் துப்பாக்கியைச் செய்த இடம் என் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம், அதனாலேயே அதன்மேல் ஒரு தனிப் பிரியம்.

கடையில் 303 தோட்டா பெட்டி விலை ஏறிக்கொண்டே போகிறது, அதனால் சுட்ட கூடுகளை நானே மறுபடி நிரப்பப் பழகிக்கொண்டேன். செர்பியாவில் செய்யும் பிர்வி பார்ட்டிசான் கூடுகள், 174 கிரெய்ன் எடையுள்ள புல்லட், வெடிமருந்து நிரப்புவோருக்கான கைநூலில் போட்டிருக்கும் தொடக்க அளவுக்குக் கொஞ்சம்தான் மேலே. அளவில் பேராசைப்படவில்லை. ஒவ்வொரு கூட்டுக்கும் மருந்தைத் தராசில் நிறுத்துத்தான் போடுகிறேன்.

போன சனிக்கிழமை சுடுதளத்தில் பதினோராவது தோட்டா. சத்தத்தில் எந்த வித்தியாசமும் இல்லை, தோளில் அடித்ததும் வழக்கம்போலத்தான். போல்ட்டை இழுத்தால் முழுக் கூடு வரவில்லை, அடிப்பக்கம் மட்டும் தையல்காரர் விரலில் மாட்டும் உறை அளவுக்கு ஒரு துண்டு வந்து விழுந்தது. அது எனக்கு உடனே புரியவில்லை, அடுத்த தோட்டாவைத் தள்ளிப் பார்த்தேன், பாதியிலேயே நின்றுவிட்டது. மீதிக் கூடு சேம்பருக்குள்ளேயே, பேரலில் தோட்டா உட்காரும் அறைக்குள்ளேயே, ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைய சுடுதலை அதோடு நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மற்ற கூடுகளை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். நாற்பதில் பதினான்கில், அடியில் இருக்கும் விளிம்புக்குக் கொஞ்சம் மேலே, மோதிரம் போட்டதுபோல் ஒரு பளபளப்பான வளையம் சுற்றி ஓடுகிறது. எல்லாமே மூன்றாவது முறை சுட்டவை. இரண்டு முறை மட்டும் சுட்டவற்றில் மங்கலாகத் தெரிகிறது, அல்லது தெரிவதுபோல் எனக்குத் தோன்றுகிறது.

பக்கத்தில் ஒரு கடையில் காட்டினேன். துப்பாக்கியைக் கையில்கூட வாங்கிப் பார்க்காமல் "ஹெட்ஸ்பேஸ் போய்விட்டது, 3 என்று எண் போட்ட போல்ட் தலை வாங்கிப் போடு, இல்லாவிட்டால் இதைச் சுவரில் மாட்டிவிடு" என்று சொல்லிவிட்டார்கள். ஹெட்ஸ்பேஸ் என்றால் போல்ட்டுக்கும் பேரலுக்கும் நடுவே கூடு உட்காரும் இடைவெளி, போல்ட் தலை என்றால் போல்ட்டின் நுனித் துண்டு. இப்போது இருப்பது 1-ஆம் எண் போல்ட் தலை. 3-ஆம் எண்ணுக்கு இணையத்தில் கேட்கும் விலை எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

டையை (சுட்ட கூட்டை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) அதோடு வந்த தாளில் சொன்னபடியே பொருத்தியிருக்கிறேன்: கூட்டைப் பிடிக்கும் தட்டைத் தொடும் வரை இறக்கி, அப்புறம் இன்னொரு கால் சுற்று. எங்கே தப்பு என்று தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது. இந்தத் துப்பாக்கியைச் சுவரில் மாட்ட எனக்கு மனமில்லை.


பித்தளைக்கூடு எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று. தோட்டா பாதியில் நின்றபோது போல்ட்டை அடித்து மூடாமல் விட்டீர்களே, அதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். அந்த இடத்தில் வம்பாகத் தள்ளி மூடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைக்காரர் சொன்னதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அளக்காமல் ஹெட்ஸ்பேஸ் போய்விட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. 303 விளிம்புள்ள கூடு, அதன் ஹெட்ஸ்பேஸ் என்பது அந்த விளிம்பு உட்காரும் இடைவெளி மட்டும்தான். இராணுவக் கணக்கு 0.064 அங்குலத்திலிருந்து 0.074 அங்குலம் வரை. 0.064 அளவுக்கட்டை போட்டால் போல்ட் மூட வேண்டும், 0.074 போட்டால் மூடக் கூடாது. அளவுக்கட்டைகளை வைத்திருக்கும் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் பத்து நிமிட வேலை. அதை முதலில் செய்யுங்கள், அதுவரை சுடாதீர்கள். ஆனால் நீங்கள் டை பொருத்திய விதத்தைப் படித்ததுமே என் சந்தேகம் முழுக்க அங்கேதான் போகிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஊசி பிரைமரை (கூட்டின் அடியில் இருந்து மருந்துக்குத் தீ வைக்கும் சின்ன மூடி) அடிக்கும்போது கூடு முன்னால் தள்ளப்பட்டு, விளிம்பு பேரலில் முட்டி நிற்கிறது. மருந்து எரிந்து அழுத்தம் ஏறும்போது கூட்டின் மெல்லிய முன்பாகம்தான் முதலில் ஊதிப்போய் சேம்பர் சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தடித்த அடிப்பாகம் அப்படி ஊதாது, அது பின்னால் நகர்ந்து போல்ட்டில் போய் மோதும். முன்பக்கம் பிடித்திருக்க, பின்பக்கம் நகர, நடுவில் இருக்கும் பித்தளைதான் இழுபடுகிறது. அந்த இடம்தான் நீங்கள் பார்த்த வளையம். போதாததற்கு லீ-என்ஃபீல்டில் போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் காதுகள் அதன் பின்பக்கத்தில் இருக்கின்றன, மவுசர் துப்பாக்கிபோல முன்னால் இல்லை. சுடும்போது போல்ட்டும் உடலும் சேர்ந்து இம்மியளவு வில்போல் இழுத்துக் கொடுக்கும். அது இந்தத் துப்பாக்கியின் சுபாவம், குறை இல்லை.

இதோடு சேம்பரையும் கணக்கில் எடுக்க வேண்டும். சேறும் மண்ணும் ஒட்டிய தோட்டாவும் உள்ளே போக வேண்டும், ஐந்தாறு நாட்டுத் தொழிற்சாலைகள் செய்த தோட்டாக்கள் எல்லாம் போக வேண்டும் என்று போர்க்காலத்தில் சேம்பரைத் தாராளமாகவே குடைந்தார்கள். கூட்டின் தோள்பட்டை, அதாவது கழுத்தை நோக்கி ஒடுங்கும் சரிவு, இருக்கும் இடம் நீளமாகவே இருக்கும். விளிம்பில்தான் தோட்டா நிற்கிறது என்பதால் தோளில் எவ்வளவு இடம் இருந்தாலும் படைவீரனுக்குக் கவலை இல்லை, சுட்ட கூட்டை அவன் திரும்பிக்கூடப் பார்க்கப் போவதில்லை. நமக்குத்தான் அது தலைவலி. ஒருமுறை சுட்டதும் உங்கள் கூட்டின் தோள் அந்த நீள சேம்பருக்கு ஏற்ப முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. நீங்கள் வீட்டில் டையைத் தட்டில் முட்டவைத்து இன்னும் கால் சுற்று இறக்கி, அந்தத் தோளைப் புதுக்கூட்டின் அளவுக்குப் பின்னால் தள்ளிவிடுகிறீர்கள். அடுத்த சூட்டில் அது மறுபடி முன்னால் ஓடுகிறது. கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்தால் எத்தனை வளைவு தாங்கும்? மூன்று தாங்கியதே அந்தப் பித்தளை நல்லது என்பதற்குச் சாட்சி.

3-ஆம் எண் போல்ட் தலையைப் போட்டால் விளிம்புப் பக்கத்து இடைவெளி ஓர் இழை குறையும், அவ்வளவுதான். தோள்பக்கத்து நீளம் அப்படியே இருக்கும். டையை இப்படியே வைத்திருந்தால் அந்தப் பணமும் போய், கூடும் போகும்.

செய்ய வேண்டியது இது. அந்த நாற்பது கூட்டையும் தூக்கிப் போடுங்கள், பிளையரால் நசுக்கிவிட்டுப் போடுங்கள், வேறு யாரும் பொறுக்கி நிரப்பிவிடக் கூடாது. இனிமேல் ஒவ்வொரு முறையும் நிரப்புவதற்கு முன் கம்பிச் சோதனை செய்யுங்கள். ஒரு பேப்பர் கிளிப்பை நேராக்கி, நுனியில் ஒரு நூல் அளவு மட்டும் செங்குத்தாக மடக்கி, அந்த மடக்கை அரத்தில் தேய்த்துக் கூராக்குங்கள். கூட்டுக்குள் அடிவரை விட்டு, சுவரை ஒட்டியபடி மெதுவாக மேலே இழுங்கள். நல்ல கூட்டில் கம்பி வழுக்கிக்கொண்டு வரும். இழுபட்ட கூட்டில் விளிம்புக்கு மேலே ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்து "டக்" என்று நிற்கும். வெளியே வளையம் தெரிவதற்கு முன்னாலேயே விரலுக்கு அது தெரிந்துவிடும். சந்தேகமாக இருந்தால் அதுவும் குப்பைக்குத்தான்.

அப்புறம் புதுக்கூடு வாங்கும்போது, முதல் சூட்டில்தான் பாதிச் சேதம் நடக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அந்த ஒரு சூட்டுக்கு மட்டும் ஓ-ரிங் என்ற மெல்லிய ரப்பர் வளையத்தைக் கூட்டின் அடியில், விளிம்புக்கு முன்னால் வருகிற மாதிரி மாட்டிவிடுங்கள். போல்ட்டை மூடும்போது அது நசுங்கி, கூட்டைப் பின்னால் போல்ட் முகத்தோடு அழுத்தி வைத்திருக்கும். அடிப்பாகம் நகர இடமே இல்லை, இழுபடுவதற்குப் பதிலாகத் தோள்தான் முன்னால் போய் சேம்பர் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். மிதமான அளவு மருந்தோடு இதைச் செய்யுங்கள். சுட்டபின் ஓ-ரிங் பிய்ந்துபோய் வந்தால் அதன் துணுக்கு எதுவும் சேம்பரில் தங்காமல் பார்த்து எடுத்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு கழுத்தை மட்டும் அளவாக்கினால் போதும். கழுத்துக்கென்றே தனி டை விற்கிறது. இருக்கிற முழு டையையே வைத்தும் செய்யலாம். கூட்டின் கழுத்திலும் தோளிலும் மெழுகுவத்திப் புகை பிடியுங்கள், டையை நன்றாக மேலே ஏற்றிவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வாருங்கள். கழுத்தில் புகை அழிந்து, தோளுக்கு ஒரு இழை முன்னாலேயே நிற்க வேண்டும். அங்கே நட்டை இறுக்கிவிடுங்கள். நாலைந்து சூடு ஆனபின் போல்ட் மூடும்போது கொஞ்சம் இறுக்கம் தெரியும், அப்போது மட்டும் டையை ஒரு மயிரிழை இறக்கினால் சரியாகிவிடும். என் நம்பர் 4-இல் கூடுகள் பத்து சூடு தாண்டி ஓடுகின்றன, அப்புறமும் கழுத்தில் வெடிப்பு வந்துதான் கழிக்கிறேன், அடி முறிந்து அல்ல.

ஒரு துப்பாக்கியில் சுட்ட கூட்டை இன்னொரு லீ-என்ஃபீல்டில் போடாதீர்கள். இரண்டு துப்பாக்கி இருந்தால் இரண்டு டப்பா. சுடுவதற்கு முன் சேம்பரில் எண்ணெய் இருந்தால் துடைத்துவிடுங்கள், எண்ணெய் இருந்தால் கூடு சுவரைப் பிடிக்காது, முழு உதையும் போல்ட் மேல் விழும்.


சுவிஸ்காரன் எழுதியது:

அண்ணா சொன்னதற்கு மேல் 303 பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இதை வாசித்துவிட்டு யாராவது பழைய இராணுவத் தோட்டாவின் கூடுகளையும் இப்படி நிரப்பலாம் என்று கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நான் சுடுவது கே-31 என்ற சுவிஸ் இராணுவத் துப்பாக்கி. இங்கே சங்கத்தில் சுடுவதற்கு ஜிபி-11 தோட்டா கிடைக்கிறது, 7.5 × 55, 174 கிரெய்ன். இராணுவத் தோட்டாவில் இவ்வளவு துல்லியமானதை நான் வேறு பார்த்ததில்லை. சுட்டுமுடித்து அந்தப் பித்தளையைப் பார்த்தால் தூக்கிப்போட மனமே வராது, அவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் அதில் இருப்பது பெர்டன் பிரைமர், நாம் வழக்கமாக நிரப்பும் பாக்ஸர் வகை இல்லை.

வித்தியாசம் சுலபம். ஒரு டார்ச்சை வைத்துக் கூட்டின் வாய்வழியாக அடியைப் பாருங்கள். நடுவில் ஒரே ஓட்டை என்றால் பாக்ஸர். நடுவில் ஒரு சின்ன மேடும் அதன் இரு பக்கமும் இரண்டு பொடி ஓட்டைகளும் என்றால் பெர்டன். பாக்ஸரில் பிரைமர் மோதி நசுங்கும் பட்டடை பிரைமருக்குள்ளேயே இருக்கும், பெர்டனில் அது கூட்டோடு சேர்ந்தது. நம் டைகளில் பழைய பிரைமரைத் தள்ளும் ஊசி நடுவில்தான் இறங்கும், பெர்டன் கூட்டில் அது அந்த மேட்டில் மோதி வளையும் அல்லது உடையும். தெரியாத காலத்தில் ஒரே மாலையில் இரண்டு ஊசி உடைத்தேன், மூன்றாவதை உடைப்பதற்கு முன் நிறுத்திவிட்டு டார்ச்சைத் தேடினேன்.

பாக்ஸர் ஆங்கிலேய இராணுவ அதிகாரி, பெர்டன் அமெரிக்கர். ஆனால் பாக்ஸருடையதை அமெரிக்கா எடுத்துக்கொண்டது, பெர்டனுடையதை ஐரோப்பா எடுத்துக்கொண்டது. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் நம்பமாட்டார்கள்.


நெடுந்தீவான் எழுதியது:

அண்ணா, ரொம்ப நன்றி. கம்பிச் சோதனையை இன்று காலையிலேயே செய்து பார்த்தேன். வளையம் தெரிந்த பதினான்கிலும் கம்பி நின்றது, அது எதிர்பார்த்ததுதான். வெளியே ஒன்றுமே தெரியாத மற்றவற்றிலும் ஒன்பதில் நின்றது. அந்த "டக்" கையில் பட்டதும் வயிறு ஒருமாதிரி ஆகிவிட்டது. இவற்றை அடுத்த வாரம் நிரப்பியிருப்பேன்.

இன்னும் இரண்டு கேள்வி. அந்த வீட்டிலிருந்து துப்பாக்கியோடு ஒரு தகரப் பெட்டியும் வந்தது. அதில் பழைய தோட்டாக்கள் கொஞ்சம் இருக்கின்றன. சிலவற்றின் அடியில் கனடாத் தொழிற்சாலை முத்திரையும் இசட் என்ற எழுத்தும் இருக்கிறது. ஏழெட்டில் கே.எஃப் என்றும் 7 என்றும் போட்டிருக்கிறது, பித்தளை கறுத்துப்போயிருக்கிறது. இவை என்ன? சுடலாமா? புல்லட்டையும் மருந்தையும் மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாமா?

இரண்டாவது, 174 கிரெய்ன் புல்லட் கடையில் 0.311, 0.312 என்று இரண்டு விட்டத்தில் வருகிறது. எது வாங்குவது?


குன்னூர்க்காரன் எழுதியது:

கே.எஃப் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அது புனேக்குப் பக்கத்தில் இருக்கும் கிர்க்கி தோட்டாத் தொழிற்சாலையின் முத்திரை, இப்போது கட்கி என்கிறோம். 7 என்றால் மார்க் 7, 1910-இல் ஏற்றுக்கொண்ட கூர்முனைப் புல்லட், 174 கிரெய்ன். இசட் இல்லாமல் வெறும் 7 என்றால் உள்ளே இருப்பது கார்டைட் என்ற பழைய வெடிமருந்து. இசட் சேர்ந்திருந்தால் நைட்ரோசெல்லுலோஸ் மருந்து, நீங்கள் இப்போது கடையில் வாங்குவதன் முன்னோர்.

கார்டைட் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை 1903-இல் தொடங்கியது, மலை ரயில் அதை ஒட்டித்தான் போகிறது. என் தாத்தா அங்கே வேலை பார்த்தவர். ஷிப்ட் சங்கு ஊதுவதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள். மலைமேல், ஆள் நெருக்கம் இல்லாத இடத்தில் ஏன் அதை வைத்தார்கள் என்பதற்கு அவர் சொல்லும் காரணம், குளிர்ச்சி. நைட்ரோகிளிசரின் புழங்கும் இடத்தில் வெயில் எதிரி என்பார்.

303 தோட்டாவுக்குள் அது பொடியாகவோ குருணையாகவோ இருக்காது. நீளவாக்கில் அடுக்கிய மெல்லிய குச்சிகள், வறுத்த சேமியாவை ஒரே அளவாக நறுக்கிக் கட்டுக்கட்டாகச் சொருகியதுபோல் இருக்கும், நிறமும் கிட்டத்தட்ட அதுதான். நைட்ரோகிளிசரினையும் துப்பாக்கிப் பஞ்சையும் (அமிலத்தில் ஊறவைத்த வெடிபஞ்சு) அசிட்டோனில் பிசைந்து, கொஞ்சம் வாசலைன் சேர்த்து, இடியாப்ப உழக்கில் பிழிவதைப்போல அச்சில் பிழிந்து எடுப்பது. குறுகிய கழுத்து வழியாக அந்தக் கட்டைச் சொருக முடியாது, அதனால் கூடு நேராக இருக்கும்போதே குச்சிகளை வைத்து, அப்புறம்தான் கழுத்தைச் சுருக்குவார்கள். இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும்: அந்த மருந்தை எடுத்து இன்னொரு கூட்டில் போடும் பேச்சே கூடாது. தெரியாத மருந்து, தெரியாத வயது, எந்தக் கைநூலிலும் அளவு கிடையாது. இசட் போட்டவற்றுக்கும் இதே பதில்தான்.

கார்டைட் ரொம்பச் சூடாக எரியும். முதலில் வந்த லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியின் பேரலுக்குள் புல்லட்டைச் சுழற்றும் வரிகள் ஆழமில்லாதவை, கரிமருந்துக்காக வெட்டியவை. கார்டைட் அவற்றைச் சீக்கிரமே தின்றுவிட்டது. அதனால்தான் 1895-இல் என்ஃபீல்டு தொழிற்சாலையின் ஆழமான ஐந்து வரிப் பேரலுக்கு மாறினார்கள், லீ-என்ஃபீல்டு என்ற பெயர் வந்ததும் அப்படித்தான். பெயரில் வரும் லீ, இதன் போல்ட்டை வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீ, பிறந்தது ஸ்காட்லாந்து என்றாலும் வளர்ந்தது உங்கள் ஒன்டாரியோவின் கால்ட் ஊரில், தெரியுமோ என்னவோ.

சுடலாமா என்றால், கறுத்துப்போன அந்த கே.எஃப் தோட்டாக்களை நான் சுடமாட்டேன். பழைய பிரைமர் நொந்துபோயிருந்தால் ஊசி அடித்ததும் வெடிக்காது, ஒரு கணம் கழித்து வெடிக்கும். அந்த ஒரு கணத்தில் நீங்கள் போல்ட்டைத் திறந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எந்தப் பழைய தோட்டாவானாலும் "க்ளிக்" என்று மட்டும் கேட்டால் குழல் முனையை இலக்கிலிருந்து எடுக்காமல் ஒரு முழு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள்.

இன்னொன்று, அந்தக் காலத்து பிரைமரில் பாதரச ஃபல்மினேட்டும் பொட்டாசியம் குளோரேட்டும் உண்டு. பாதரசம் பித்தளையில் ஊறி அதை நொறுங்க வைத்துவிடும், ஆகவே சுட்டாலும் அந்தக் கூடு எதற்கும் ஆகாது. குளோரேட் எரிந்தால் உப்பு, நம் சமையல் உப்புக்கு அண்ணன் தம்பி. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து ஒரே இரவில் பேரலைத் துருவாக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் உப்பு போகாது, அதன்மேல் எண்ணெய் மூடிக்கொண்டு கிடக்கும். தண்ணீர்தான் உப்பைக் கரைக்கும். பிரிட்டிஷ் படையில் இதற்கென்றே புனல் வைத்திருந்தார்கள், கொதிக்கும் தண்ணீரைச் சேம்பர் பக்கமிருந்து ஊற்றி, நன்றாகத் துடைத்து, அப்புறம்தான் எண்ணெய். மோசின்-நாகன்ட் என்ற ரஷ்யத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சோவியத் தகர டப்பாத் தோட்டாக்களைச் சுடும்போதும் இதே வைத்தியம்தான்.

அந்த ஏழெட்டையும் அப்படியே எடுத்து வையுங்கள். கிர்க்கியில் அடைத்த தோட்டா, உள்ளே இருக்கும் கார்டைட் எங்கள் மலையில் பிழிந்ததாகவும் இருக்கலாம். அதைப் பற்றி எழுதும்போதே எனக்குத் தாத்தாவின் காக்கிச் சட்டையில் வரும் அசிட்டோன் வாசனை ஞாபகம் வருகிறது.


மெல்பர்ன்மீனா எழுதியது:

புல்லட் விட்டக் கேள்விக்கு நான் சொல்கிறேன். என்னிடம் இருப்பது ஆஸ்திரேலியாவின் லித்கோவில் செய்த நம்பர் 1 மார்க் 3 ஸ்டார் லீ-என்ஃபீல்டு, சங்கத்தில் பழைய துப்பாக்கிப் பிரிவில் ஒன்பது வருடமாகச் சுடுகிறேன். 0.311-ஆ 0.312-ஆ என்று கடையில் நின்று யோசிப்பதில் பயனில்லை, உங்கள் பேரல் என்ன சொல்கிறது என்று அதையே கேட்க வேண்டும்.

303 என்பது பேரலுக்குள் வரிகளின் மேட்டுக்கு மேடு இருக்கும் அளவு, 0.303 அங்குலம். பள்ளத்துக்குப் பள்ளம் 0.313, 0.314 சாதாரணம், போர்க்காலப் பேரல்களில் அதற்கு மேலும் பார்த்திருக்கிறேன். அளப்பதற்குப் பேரலைவிடக் கொஞ்சம் பெரிதான, சுத்தமான மென்மையான ஈயக் குண்டு ஒன்று வேண்டும், மீன்பிடிக்கும் ஈயக்குண்டுகூடப் போதும். துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்து, போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பேரலுக்குள் எண்ணெய் தடவி, குழல் முனையிலிருந்து மரச் சுத்தியலால் தட்டி உள்ளே விட்டு, பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தள்ளி மறுபக்கம் எடுங்கள். தள்ளும்போது கையில் ஒரே சீரான இறுக்கம் தெரிந்தால் நல்லது. நடுவில் திடீரென்று இலகுவாகிப்போனால் அங்கே பேரல் தேய்ந்திருக்கிறது.

வெளியே வரும் ஈயத்தில் வரிகள் அச்சாக விழுந்திருக்கும். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். என்ஃபீல்டுக்கு ஐந்து வரி. ஒற்றைப்படை என்பதால் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே இன்னொரு பள்ளம் இருக்காது, மேடுதான் இருக்கும். மைக்ரோமீட்டரில் சும்மா பிடித்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். மெல்லிய ஷிம் தகட்டை ஒரு சுற்று இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் அளந்து, தகட்டின் கனத்தை இரண்டு மடங்காகக் கழித்துக்கொள்ளுங்கள். லாங் பிராஞ்சில் இரண்டு வரிப் பேரலும் போட்டிருக்கிறார்கள், உங்களுடையது அதுவானால் நேராகவே அளக்கலாம்.

பேரல் பெரிதாக வந்தால் 0.312, அதுவும் அடி தட்டையான புல்லட். பின்பக்கம் படகுபோல் ஒடுங்கும் புல்லட்டுகள் பெரிய பேரலில் சரியாகப் பிடிக்காமல் அங்கும் இங்கும் சிதறுகின்றன. மார்க் 7 புல்லட்டின் அடியும் தட்டைதான், அதற்காக வெட்டிய பேரல் இது. நான் 0.311-லிருந்து 0.312 தட்டை அடிக்கு மாறியபோது நூறு மீட்டரில் விரித்த கை அளவுக்கு இருந்த ஓட்டைக் கூட்டம் உள்ளங்கை அளவுக்கு வந்தது. மருந்தை மாற்றவே இல்லை. ஆனால் நீங்கள் புல்லட்டை மாற்றினால் மறுபடி தொடக்க அளவுக்கு இறங்கித்தான் ஏற வேண்டும், அதைத் தாண்டாதீர்கள்.

பித்தளைக்கூடு ஐயா சொல்லாமல் விட்ட ஒன்று. நூலில் இருக்கும் உச்ச அளவைத் தொட வேண்டிய அவசியமே இந்தத் துப்பாக்கிக்கு இல்லை. 303-க்கு அமெரிக்கத் தரம் அனுமதிக்கும் அழுத்தம் 49,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), 308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு 62,000. பக்கத்து மேசையில் 308 சுடுகிறவரோடு வேகத்தில் போட்டி போட்டால் முதலில் அடிபடுவது உங்கள் கூடுதான்.


பித்தளைக்கூடு எழுதியது:

மீனா சொன்னது சரி, அது நான் எழுதியிருக்க வேண்டியது. மருந்தளவு எத்தனை கிரெய்ன் என்று இங்கே யாரும் கேட்காதீர்கள், யாராவது சொன்னாலும் எடுக்காதீர்கள். நூலைப் பாருங்கள், இரண்டு நூல் பாருங்கள். நான் இந்தத் துப்பாக்கிக்கு ஐஎம்ஆர் 4895 என்ற மருந்தைத்தான் வருடக்கணக்காகப் போடுகிறேன். ஒருவேளை தவறி இரண்டு தடவை ஊற்றினால் கூடு நிரம்பி வழிந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்காகவே அது எனக்குப் பிடிக்கும். கூட்டின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும் வேகமான கைத்துப்பாக்கி மருந்துகளில் அந்தப் பாதுகாப்பு இல்லை, பழகுகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.


நெடுந்தீவான் எழுதியது:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், பனியில் சுடுதளம் மூடிக்கிடந்தது.

ஹெட்ஸ்பேஸ் அளந்தாயிற்று. இந்த முறை வேறு ஒரு மெக்கானிக், வயதானவர். 0.064 மூடியது, 0.074 மூடவில்லை, 0.070-உம் மூடவில்லை. அதே 1-ஆம் எண் போல்ட் தலையோடுதான். அவர் அளவுக்கட்டையைப் போட்டு போல்ட் கைப்பிடியை ஒரே விரலால் இறக்கிப் பார்த்த விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு மெதுவாக.

ஈயக்குண்டும் தள்ளிப் பார்த்தேன். ஐந்து வரி. தகடு சுற்றி மூன்று தடவை அளந்ததில் 0.314 வந்தது. 0.312 தட்டை அடி புல்லட் நூறு வாங்கினேன்.

புதுக்கூடு ஐம்பது, ஓ-ரிங் மாட்டி முதல் சூடு போன மாதம். போல்ட் மூடும்போது ரப்பர் நசுங்குவது கைக்குத் தெரிகிறது, முதல் தோட்டாவுக்குப் பயமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. மூன்று ஓ-ரிங் பிய்ந்து வந்தது, துணுக்குகளைப் பொறுக்கி எடுத்தேன். நேற்றோடு கழுத்து மட்டும் அளவாக்கி மூன்றாவது சூடும் முடிந்தது. புகை பிடித்து டை பொருத்த எனக்கு ஒரு மாலை முழுக்கப் பிடித்தது, இரண்டு கூட்டைக் கெடுத்தேன், பரவாயில்லை.

இரவு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாகக் கம்பியை விட்டு இழுத்தேன். நாற்பத்தெட்டும் வழுக்கிக்கொண்டு வந்தன. பெண்டாட்டி வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டாள், ஒரு கழித்துக் கட்டிய பழைய கூட்டையும் ஒரு புதுக் கூட்டையும் கொடுத்து இரண்டிலும் கம்பியை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். பழையதில் நின்ற உடனேயே "இங்கே உடைஞ்சிருக்கே" என்றாள்.

குன்னூர் அண்ணா, அந்த கே.எஃப் தோட்டாக்களைத் துடைக்காமல் அப்படியே ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஒன்றின் அடியில் ஆண்டு தெளிவாகத் தெரிகிறது, 1942. உங்கள் தாத்தா அப்போது அங்கே வேலையில் இருந்தாரா?


குன்னூர்க்காரன் எழுதியது:

இருந்தார். 1938-இல் சேர்ந்து 1971 வரை.